எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் இல்லை என்றால்: கணையத்திலிருந்து வரும் ரத்தக் கசிவு

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரை மனதில் வைத்துக்கொள்வோம். வயது 34. பள்ளிக்கூட நாளிலிருந்தே அவ்வப்போது மேல்வயிற்றில் வலி. வலி முதுகுக்கு ஊடுருவும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணியும். 28 வயதில் சர்க்கரை நோய் வந்தது. ஒரு வாரமாக வலி கூடுதலாக இருந்தது. நேற்று வலி திடீரென்று விட்டது. இன்று காலை மலம் தார்போலக் கறுத்துப் போனது. "வெளிக்குக் கறுப்பா போகுதுங்க டாக்டர், எழுந்தா தலை சுத்துதுங்கிறாரு" என்று மனைவி அழைத்து வருகிறார். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 6 கிராம். எண்டோஸ்கோப்பி செய்கிறார்கள். புண் இல்லை, சிரை வீக்கம் இல்லை. "லேசான இரைப்பை அழற்சி" என்று ரிப்போர்ட் வருகிறது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பதினைந்தாம் நாள் அதே வலி, அதே கறுப்பு மலம். இந்த முறை நாடித் துடிப்பு 130.

இவர் கற்பனை மனிதர். ஆனால் நீண்ட நாள் வலி, இளவயதுச் சர்க்கரை, வலி விட்டதும் கறுப்பு மலம், எதுவும் காட்டாத எண்டோஸ்கோப்பி, நின்று நின்று வரும் கசிவு ஆகிய ஐந்தும் ஒரே நோயின் அடையாளங்கள். ரத்தம் இரைப்பையிலிருந்து வரவில்லை, கணையத்திலிருந்து வருகிறது. ரத்த வாந்திக்கும் கறுப்பு மலத்துக்கும் கணையம் காரணமாக இருப்பது அரிது. அரிது என்பதாலேயே முதல் தடவை தப்பிவிடுகிறது. இரண்டாம் தடவை உயிரோடு விளையாடுகிறது. நோயாளியின் குடும்பத்தார், கிராமச் செவிலியர், முதலில் பார்க்கும் டாக்டர் என்ற மூவருக்காகவும் இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொருவரும் தம் பங்கை எடுத்துக்கொள்ளலாம்.

கணையம் ஏன் ரத்தம் கசிகிறது?

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கிறது. அதன் தலைப்பகுதியை முன்சிறுகுடல் வளைத்துப் பிடித்திருக்கிறது. வால்பகுதி மண்ணீரலைத் தொடுகிறது. மேல்விளிம்பை ஒட்டி நெளிந்து நெளிந்து போவது மண்ணீரல் தமனி. தலைப்பகுதியை ஒட்டி இறங்குவது இரைப்பை–முன்சிறுகுடல் தமனி. பின்புறம் ஒட்டிக்கொண்டு ஓடுவது மண்ணீரல் சிரை. இத்தனை பெரிய ரத்தக் குழாய்களின் நடுவில், புரதத்தையே கரைக்கும் சாற்றைச் சுரக்கும் உறுப்பு இருக்கிறது. சாறு தன் குழாயில் ஓடும்வரை தொல்லை இல்லை. அழற்சியில் அது வெளியே கசிந்தால் அருகிலுள்ள தமனியின் சுவரை அரிக்கத் தொடங்குகிறது.

அரித்த இடத்தில் சுவர் மெலிந்து, பலூன்போலப் புடைக்கிறது. டாக்டர்கள் இதைச் சூடோ அனியூரிசம் என்பார்கள். தமிழில் பொய்த் தமனிப் புடைப்பு எனலாம். "பொய்" என்றதால் ஆபத்து குறைவு என்று எண்ண வேண்டாம். உண்மையான தமனிச் சுவர் அங்கே இல்லை, சுற்றியுள்ள திசுதான் ரத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதே அந்தச் சொல்லின் பொருள். எப்போது வேண்டுமானாலும் உடையலாம்.

உடைந்த ரத்தம் குடலுக்கு வரும் வழிகள் நான்கு.

1. கணையக் குழாய் வழியாக. புடைப்பு கணையக் குழாய்க்குள் உடைந்தால், ரத்தம் அந்தக் குழாய் வழியே வந்து, பித்தக் குழாயும் கணையக் குழாயும் சேர்ந்து திறக்கும் சிறு காம்பு வழியாக முன்சிறுகுடலில் விழுகிறது. இதற்கு ஹீமோசக்கஸ் பேங்க்ரியாட்டிகஸ் என்று பெயர். 1931-இல் லோவர், ஃபாரெல் என்ற இரு மருத்துவர்கள் முதலில் எழுதினார்கள். 1970-இல் சுவீடன் நாட்டு அறுவை மருத்துவர் ஃபிலிப் சாண்ட்ப்லாம் இந்தப் பெயரைச் சூட்டினார். பெரும்பாலும் காரணம் மண்ணீரல் தமனி.

2. பொய்நீர்க்கட்டிக்குள். கணைய அழற்சிக்குப் பின் உண்டாகும் சூடோசிஸ்ட் கட்டிக்குள் தமனி உடையலாம். பிறகு அந்தக் கட்டி இரைப்பையையோ குடலையோ துளைத்து ரத்தத்தைக் கொட்டும்.

3. மண்ணீரல் சிரை அடைத்துக்கொள்வதால். அழற்சியில் சிரைக்குள் ரத்தம் உறைந்துவிட்டால், மண்ணீரலின் ரத்தம் வேறு வழி தேடி இரைப்பையின் மேற்பகுதிச் சிரைகளில் ஏறுகிறது. அவை வீங்கி உடைகின்றன. கல்லீரல் நல்ல நிலையில் இருந்தும், உணவுக்குழாயில் சிரை வீக்கம் இல்லாமல், இரைப்பையின் உச்சியில் மட்டும் வீக்கம் இருந்தால் இதை நினைக்க வேண்டும்.

4. கட்டியால். கணையப் புற்று முன்சிறுகுடலுக்குள் ஊடுருவினால் அங்கிருந்து கசியும். காஸ்ட்ரினோமா என்ற சிறு கட்டியோ, அமிலத்தை அளவுக்கு மீறிச் சுரக்கவைத்து, ஆறாத புண்களை உண்டாக்கி ரத்தம் வரச்செய்யும்.

முதல் வழியைச் சற்று நின்று பாருங்கள். நம் விவசாயியின் வலி ஏன் ரத்தம் வரும் முன்னே விட்டது? கணையக் குழாய்க்குள் ரத்தக் கட்டி அடைக்கும்போது அழுத்தம் ஏறி வலி பெருகுகிறது. கட்டி நழுவி ரத்தம் குடலுக்குள் இறங்கியதும் வலி தணிகிறது. சில மணி நேரத்துக்குப் பின் மலம் கறுக்கிறது. பிறகு புதிய கட்டி உறைந்து கசிவு நிற்கிறது. எண்டோஸ்கோப்பி போடும் நேரத்தில் காம்பிலிருந்து ஒரு சொட்டுகூட வராமல் இருக்கலாம். "வலி விட்டதும் மலம் கறுத்ததா?" என்று கேட்பதற்குக் காசு செலவில்லை, ஆனால் இந்த நோயில் அதைவிடப் பயனுள்ள கேள்வி இல்லை.

நம் பக்கத்தில் ஏன் கவனிக்க வேண்டும்?

தென்னிந்தியாவில் கணையக் கல் நோய் புதிதல்ல. மது குடிக்காதவர்களிடமும், இளவயதிலேயே, கணையக் குழாய்க்குள் பெரிய பெரிய சுண்ணாம்புக் கற்கள் சேரும் நோய் இது. வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று பெயர். 1959-இல் இந்தோனேசியாவில் சுய்டேமா என்பவர் இதைப் பற்றி எழுதினார். கேரளத்தில் டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைத் தொடர்ந்து ஆராய்ந்து உலகுக்கு விரிவாக எடுத்துச் சொன்னார். சிறுவயதில் வயிற்றுவலி, வாலிபத்தில் சர்க்கரை, பிறகு எண்ணெய்ப்பசையான மலமும் உடல் மெலிவும் என்று வரிசையாக வரும். மரவள்ளிக்கிழங்குதான் காரணம் என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள், அது நிறுவப்படவில்லை. ஸ்பிங்க்–1 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம் பலரிடம் காணப்படுகிறது.

இத்துடன் மதுவால் வரும் கணைய அழற்சியும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே திண்டுக்கல் சமவெளியில் வேலைபார்க்கும் டாக்டரின் முன் இந்த இரு வகை நோயாளிகளும் வந்து உட்காருவார்கள்.

சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் குடல் அறுவைத் துறையினர், 1997 முதல் 2008 வரை தாங்கள் சிகிச்சை தந்த, கணையக் குழாய் வழியே ரத்தம் கசிந்த 51 பேரின் அனுபவத்தை 2009-இல் வெளியிட்டார்கள். உலக மருத்துவ ஏடுகளில் பெரும்பாலும் ஒன்றிரண்டு பேரைப் பற்றியே எழுதப்பட்ட நோயில், ஒரு தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை மட்டும் 51 பேரைப் பார்த்திருக்கிறது. நம் ஊரில் இது "புத்தகத்தில் மட்டும் உள்ள நோய்" என்று ஒதுக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வீட்டில்: முதல் ஒரு மணி நேரம்

கறுப்பு மலம் எல்லாம் ரத்தம் ஆகாது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கரும்பச்சையாக, கெட்டியாகப் போகும். ரத்தம் கலந்த மலம் தார்போல ஒட்டும், பளபளக்கும், வழக்கத்தைவிடக் கடுமையாக நாறும். சந்தேகம் இருந்தால் ரத்தம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

- உடனே 108-ஐ அழையுங்கள். தலைசுற்றல், வியர்வை, கைகால் சில்லிடுதல், மயக்கம் இவற்றில் எது இருந்தாலும் இரு சக்கர வண்டியில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள்.
- ரத்த வாந்தி எடுத்தவரை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ரத்தம் மூச்சுக்குழாயில் போகாமல் இருக்க இது உதவும்.
- தண்ணீர், மோர், கஷாயம், சோடா எதுவும் கொடுக்க வேண்டாம். எண்டோஸ்கோப்பிக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும்.
- வலி மாத்திரையோ ஊசியோ வேண்டாம். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் மூன்றும் ரத்தக் கசிவைக் கூட்டும்.
- சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சீட்டு, குடும்ப அட்டை, ஆதார் அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாம் அந்தப் பையிலேயே இருக்கட்டும்.
- இன்சுலின் போட்டுக்கொள்ளும் கணைய நோயாளிக்கு, வயிறு காலியாக இருக்கும்போது சர்க்கரை வெகு வேகமாகக் குறையும். இன்சுலின் குறைந்திருப்பதுபோலவே, சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககான் என்ற ஹார்மோனும் இவர்களிடம் குறைந்திருக்கும். ஆஸ்பத்திரியில் முதல் ஊசி குத்துவதற்கு முன் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் ஆஸ்பத்திரியில்: டாக்டரும் செவிலியரும்

இரு கைகளிலும் பெரிய அளவு ஊசி, 16 அல்லது 18 கேஜ். ரத்த வகை, கிராஸ் மேட்ச், ஹீமோகுளோபின், கிரியேட்டினின், ஐஎன்ஆர், சர்க்கரை, லைப்பேஸ். ரத்தம் வெளியேறத் தொடங்கிய முதல் சில மணி நேரம் ஹீமோகுளோபின் குறைந்து காட்டாது. அதனால் எண்ணை நம்பி அசட்டையாக இருக்க வேண்டாம். நாடி 100-க்கு மேல், மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழ் என்றால் அதுவே உண்மை நிலவரம்.

ரத்த அழுத்தம் நிலையாக உள்ளவருக்கு ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் ரத்தம் ஏற்றலாம். இதய நோய் இருந்தால் 8. அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கு எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. அமிலத்தைக் குறைக்கும் பாண்டோபிரசோல் ஊசி கொடுக்கலாம். கல்லீரல் நோய் அல்லது சிரை வீக்கம் என்று தோன்றினால் ஆக்ட்ரியோடைட் அல்லது டெர்லிப்ரெசினும், ஆன்டிபயாட்டிக்கும் சேரும். டிரானெக்சாமிக் அமிலம் வழக்கமாகக் கொடுக்க வேண்டியதில்லை. 2020-இல் வெளியான ஹால்ட்–இட் ஆய்வில் 12,009 பேரைப் பார்த்தார்கள். மரணத்தை அது குறைக்கவில்லை, சிரைகளில் ரத்தம் உறைவது கூடியது.

எண்டோஸ்கோப்பி 24 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். நோயாளிக்குக் கணைய நோய் இருப்பது தெரிந்தால், எண்டோஸ்கோப்பி டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதிக்குள் போய்ப் பார்க்க வேண்டும். அந்தக் காம்பைக் கண்ணால் பார்த்தாரா என்பது ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். சாதாரண எண்டோஸ்கோப் நேராகப் பார்க்கும். காம்பு பக்கவாட்டில் இருப்பதால் தெரியாமல் போகலாம். பக்கவாட்டில் பார்க்கும் டியூடினோஸ்கோப் இதற்கென்றே உள்ளது.

ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று வந்தால் வழக்கு முடிந்துவிடவில்லை. கணைய நோயாளியின் ஹீமோகுளோபின் இறங்கி, எண்டோஸ்கோப்பியில் காரணம் தெரியவில்லை என்றால், அடுத்தது சிடி ஆஞ்சியோகிராம். இந்த அத்தியாயம் முழுவதும் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான். ரத்தம் நின்றிருக்கும் நேரத்திலும் ஸ்கேன் எடுக்க வேண்டும். நின்றுவிட்டதே என்று வீட்டுக்கு அனுப்பும் நேரம் அதுவன்று.

சிடி ஸ்கேனில் என்ன பார்க்க வேண்டும்?

ரெஃபரல் சீட்டில் "வயிற்று சிடி" என்று மட்டும் எழுதினால் போதாது. சாய மருந்து ஏற்றாமல் ஒரு கட்டம், தமனிக் கட்டம், சிரைக் கட்டம் என்று மூன்றும் கேட்டு எழுதுங்கள். மருந்து ஏற்றாத கட்டத்தில் கணையக் கற்களும், கணையக் குழாய்க்குள் வெள்ளையாகத் தெரியும் புதிய ரத்தக் கட்டியும் கண்ணுக்குப் படும். தமனிக் கட்டத்தில் பொய்ப் புடைப்பு தமனியைப் போலவே பளிச்சென்று ஒளிரும். சிரைக் கட்டத்தில் மண்ணீரல் சிரை திறந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று தெரியும்.

அல்ட்ராசவுண்டில் நீர்க்கட்டி தெரிந்தால் டாப்ளரையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டிக்குள் சிவப்பும் நீலமும் சுழன்றால் அது வெறும் நீர் அல்ல, ஓடும் ரத்தம். ஆனால் டாப்ளரில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் புடைப்பு இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை. ரத்தம் கசிந்த நோயாளிக்கு நீர்க்கட்டி இருந்தால், உள்ளே தமனிப் புடைப்பு இல்லை என்று சிடி ஆஞ்சியோகிராமில் உறுதி செய்யாமல் அதைக் குத்தி வடிக்கக் கூடாது. கட்டிக்குள் உள்ள அழுத்தமே புடைப்பைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். வடித்தால் அந்தத் தாங்கல் போய்விடும்.

கிரியேட்டினின் சற்று கூடியிருக்கிறது, சாய மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்குமோ என்று ஸ்கேனைத் தள்ளிப்போடுவதுண்டு. உயிருக்கு ஆபத்தான கசிவில் அந்தத் தயக்கம் கூடாது.

சிகிச்சை: சுருள், அறுவை

இன்று முதல் சிகிச்சை ஆஞ்சியோ வழியாக அடைப்பது. தொடையில் உள்ள தமனியில் நுண்குழாயைச் செலுத்தி, கசியும் தமனிக்கே சென்று, நுண்ணிய உலோகச் சுருள்களை இட்டு வழியை மூடுகிறார்கள். டாக்டர்கள் இதைக் காயில் எம்போலைசேஷன் என்பார்கள். புடைப்பின் ஒரு பக்கத்தை மட்டும் அடைத்தால் போதாது. கணையத்தைச் சுற்றியுள்ள தமனிகள் ஒன்றோடொன்று இணைந்தவை. முன்வாசலை மூடினால் ரத்தம் பின்வாசல் வழியே வந்துவிடும். அதனால் இரு பக்கமும் சுருள் வைப்பார்கள். மண்ணீரல் தமனியை அடைத்தபின் சிலருக்குக் காய்ச்சலும் இடப்பக்க வலியும் வரலாம். மண்ணீரலின் ஒரு பகுதிக்கு ரத்தம் குறைந்ததால் நேர்வது அது. பெரும்பாலும் கவனித்துக்கொண்டால் அடங்கும்.

அடைக்க முடியாதபோதும், மறுபடி கசியும்போதும், நோயாளி அதிர்ச்சி நிலையில் இருந்து நேரமில்லாதபோதும் ஆபரேஷன். கணையத்தின் வாலில் தொல்லை என்றால் அந்தப் பகுதியையும் மண்ணீரலையும் சேர்த்து எடுப்பார்கள். தலைப்பகுதி என்றால் பெரிய அறுவை. அதனால்தான் அங்கே ஆஞ்சியோவுக்கு முதலிடம்.

மண்ணீரல் சிரை அடைத்து இரைப்பைச் சிரை வீங்கியவர்களுக்கு வழி வேறு. கசியும் வேளையில் எண்டோஸ்கோப்பி மூலம் பசை ஊசி போட்டு நிறுத்தலாம். நிரந்தரத் தீர்வு பெரும்பாலும் மண்ணீரலை எடுப்பதே. ஏனெனில் ஏறிவரும் ரத்தத்தின் ஊற்று அங்கேதான். மண்ணீரல் எடுப்பவர்களுக்கு நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகள் கட்டாயம். முன்கூட்டித் திட்டமிட்ட ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே போட வேண்டும். அவசர ஆபரேஷன் என்றால் இரண்டு வாரம் கழித்து.

எங்கே போவது?

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. ரத்தம் ஏற்றி நிலைப்படுத்த முதலில் அங்கே போகலாம். மேற்சிகிச்சைக்குச் சுமார் 65 கிலோமீட்டர் தூரத்தில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும், கிளம்பும் முன் அழைத்து நான்கு கேள்விகள் கேளுங்கள்:

1. இரவிலும் எண்டோஸ்கோப்பி உண்டா?
2. தமனிக் கட்டத்தோடு சிடி எடுப்பீர்களா?
3. சுருள் வைத்து அடைக்கும் டாக்டர் இப்போது இருக்கிறாரா?
4. ரத்த வங்கியும் குடல் அறுவைத் துறையும் உண்டா?

மூன்றாம் கேள்விக்கு "இல்லை" என்றால் அடுத்த ஆஸ்பத்திரியை அழையுங்கள். வழியில் ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் வீணாவதைவிட, நேராகப் போய்ச் சேர்வதே நல்லது. அனுப்பும் டாக்டர், ரத்த அழுத்தம் ஏறிய பின்னரே, ரத்தப் பையோடும் கூட ஒரு செவிலியரோடும் அனுப்ப வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில், இந்த சிகிச்சை அங்கே திட்டத்தில் வருகிறதா என்று சேர்ந்த அன்றே கேளுங்கள்.

வீடு திரும்பிய பின்

மதுவையும் புகையையும் விட்டே ஆக வேண்டும். இந்த இரண்டும் தொடர்ந்தால் எந்தச் சுருளும் காக்காது. கணைய நொதி மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டும். முன்னால் அரை மணி நேரம் என்று பிரித்தால் பலன் குறையும். மூன்று மாதத்துக்குள் ஒரு முறை சிடி பார்த்து, அடைத்த இடம் அடைத்தபடியே இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இரும்பு மாத்திரை சாப்பிடும் நாளில் மலம் கறுத்தால் நாடித் துடிப்பையும் தலைசுற்றலையும் சேர்த்துப் பாருங்கள்.

கடைசியாக, வீட்டில் இருக்கும் நோட்டின் முதல் பக்கத்தில் கீழே உள்ளதை எழுதி வையுங்கள். எந்த டாக்டரின் முன் உட்கார்ந்தாலும் முதலில் இதை நீட்டுங்கள். நம் விவசாயியின் கையில் முதல் நாளே இப்படி ஒரு சீட்டு இருந்திருந்தால், அந்தப் பதினைந்து நாள் வீட்டில் கழிந்திருக்காது.

*எனக்குக் கணைய நோய் உண்டு. கண்டுபிடித்த ஆண்டு: ____. கல் / நீர்க்கட்டி உண்டு / இல்லை: ____.*
*வலி விட்டதும் கறுப்பு மலம் போனது: ஆம் / இல்லை. நாள்: ____.*
*எண்டோஸ்கோப்பியில் காம்பைப் பார்த்தார்கள்: ஆம் / இல்லை.*
*ரத்தக் கசிவின் காரணம் தெரியவில்லை என்றால், தயவுசெய்து தமனிக் கட்டத்தோடு சிடி ஆஞ்சியோகிராம் எடுத்துப் பாருங்கள்.*
*இன்சுலின் போடுகிறேன்: ஆம் / இல்லை. ரத்த வகை: ____.*